ஒரு சனி அவர்களுக்கு, ஒரு சனி எங்களுக்கு

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் தலைவர் பதவிக்கு நானும் போட்டியிடுகிறேன் என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். அன்று மாலையே, பல வருடங்களாக முகங்கொடுத்துப் பேசாத இரண்டு மனிதர்கள் தொலைபேசியில் கதைத்துக்கொண்டார்கள். சுவிஸின் ஷாஃப்ஹவுசன் நகரத் தமிழரின் ஒற்றுமைக்கு நான் செய்த முதல் தொண்டு அதுதான்.

அந்த இருவரையும் சொல்லிவிடுகிறேன். ஒருவரை நாங்கள் மண்டபத்துக்காரர் என்போம். பொங்கல் விழா, கலைவிழா எல்லாம் அவருடைய அணியின் கையில். மற்றவர் மைதானத்துக்காரர். விளையாட்டுப் போட்டியும் கோடைகால ஒன்றுகூடலும் அவருடையவை. எதற்காகப் பிரிந்தார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். இலங்கையிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்த அரசியல் பாதி, மேடையில் யார் முதலில் விளக்கேற்றுவது என்ற சண்டை பாதி. திரிம்பாக் கோவில் திருவிழாவுக்கு ஒரே ரயிலில் போனாலும் வேறு வேறு பெட்டியில்தான் ஏறுவார்கள். தலைவர் தேர்தல் வந்தால் கீரியும் பாம்பும்தான்.

பெரியவர்களின் விளையாட்டு என்று இதை விட்டிருக்கலாம். ஆனால் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பையும் இரண்டாக்கி வைத்திருந்தார்கள். ஒரே பள்ளிக்கூடம், ஒரே மாடி, ஒரே நேரம், ஒரே பாடப்புத்தகம், ஆனால் இரண்டு அறைகள். என் கணவர் மைதானத்து அணிக்குக் கரப்பந்து விளையாடியவர் என்பதால் நான் மைதானத்து ஆசிரியை. அடுத்த அறையில் மண்டபத்துக்காரரின் மனைவி படிப்பித்தார். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன், அதற்குமேல் எங்களுக்குள் பேச்சில்லை. இடைவேளையில் பிள்ளைகள் எல்லோரும் நடைபாதையில் ஒன்றாக ஓடுவார்கள், சுவிஸ் ஜெர்மனில் சண்டை பிடித்துச் சமாதானமாவார்கள். மணி அடித்ததும் தமிழ் படிப்பதற்காகப் பிரிந்து போவார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் தலைக்கேறும்.

பிறகு ஒருநாள், பள்ளிக்கூடக் கட்டடத்தைப் பராமரிக்கும் ஹவுஸ்வார்ட், கோடை விடுமுறைக்குப் பிறகு உங்கள் சங்கத்துக்கு ஒரு அறைதான் தரமுடியும் என்று சொல்லிவிட்டார். எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டார்கள். எனக்கு மட்டும் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு அறை என்றால் ஒரு வகுப்பு. அந்த அறையை எப்படிப் பயன்படுத்துவது என்று முடிவெடுப்பவர் சங்கத் தலைவர். அதனால்தான் நான் நின்றேன்.

ஒரு கிழமைக்குள் இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒன்றாக வந்தார்கள். என் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, ஒரே தட்டிலிருந்து முறுக்கு எடுத்தார்கள். என் கணவர் தேநீர்த் தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"தங்கச்சி, நாங்கள் ரெண்டு பேரும் கதைச்சு ஒரு முடிவுக்கு வந்திட்டம்," என்றார் மண்டபத்துக்காரர். "பொது வேட்பாளர் ஒராளை நிப்பாட்டுறம். நீங்கள் விலகிவிடுங்கோ. ஒற்றுமைக்காகக் கேக்கிறம்."

அந்தப் பொது வேட்பாளரை எனக்குத் தெரியும். ஓய்வுபெற்ற நல்ல மனிதர், யார் எதைச் சொன்னாலும் ஓம் என்பார்.

"அப்ப வகுப்பு என்ன மாதிரி?" என்று கேட்டேன்.

"அதுக்கும் வழி கண்டாச்சு," என்றார் மைதானத்துக்காரர் பெருமையோடு. "ஒரு சனி அவையளுக்கு, அடுத்த சனி எங்களுக்கு. ஒருத்தருக்கும் மனக்குறை இல்லை."

"பிள்ளையளுக்கு?"

மண்டபத்துக்காரர் இன்னொரு முறுக்கை எடுத்தார். அதை அவர்கள் யோசித்திருக்கவில்லை.

"இது சுவிஸ் முறை தங்கச்சி," என்று மைதானத்துக்காரர் சமாளித்தார். "இஞ்சை எல்லாக் கட்சியும் ஒரே மேசையிலை இருந்துதானே நாட்டை நடத்துது. ஜனாதிபதிகூட வருசத்துக்கு ஒராள் மாறி மாறி வாறார்."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஓம் அண்ணை, ஜனாதிபதி மாறி மாறி வாறார். அதுக்காக ஒரு கிழமை விட்டு ஒரு கிழமை பள்ளிக்கூடத்தைப் பூட்டுறேல்லை. நீங்கள் ரெண்டு பேரும் சண்டை பிடிச்சபோது பிள்ளையளுக்கு முழு வகுப்பாவது இருந்தது. இப்ப சமாதானமாகி அதையும் பாதியாக்கிப் போட்டியள்."

உப தலைவி பதவி தருகிறோம் என்றார்கள். மகளிர் பொறுப்பும் தருகிறோம் என்றார்கள். தேநீரைக் குடியுங்கோ, ஆறப்போகுது என்றேன்.

பொதுக்கூட்டத்தைப் பற்றிச் சொல்வதற்குமுன் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். சங்கத்தின் யாப்பு விதிகளின்படி ஒரு குடும்பத்துக்கு இரண்டு வாக்கு, கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று. ஆனால் கூட்டம் முடிந்ததும் மதியச் சாப்பாடு இருக்கும், அது பெண்களின் பொறுப்பு. ஆகவே வாக்கெடுப்பு நேரத்தில் பெண்கள் மண்டபத்துக் குசினியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருப்பார்கள். கதிரைகளில் ஆண்கள் இருந்து கை உயர்த்துவார்கள். யாரும் யாரையும் தடுப்பதில்லை. எண்ணெய்ச் சட்டிதான் தடுக்கும். நானே எத்தனையோ வருடம் அந்தக் குசினியில் நின்று, புதிய தலைவருக்கான கைதட்டலைச் சுவருக்கு அப்பாலிருந்து கேட்டவள்.

அன்றைக்கும் அப்படித்தான். "கையை உயர்த்துங்கோ" என்று கூட்டத்தை நடத்தியவர் சொன்னதும் நான் எழும்பினேன்.

"பொறுங்கோ. வாக்குப் போட வேண்டிய ஆக்களிலை பாதிப்பேர் குசினிக்குள்ளை நிக்கினம்."

"சாப்பாடு பிந்திப்போகும் தங்கச்சி," என்றார் மண்டபத்துக்காரர்.

"பிந்தட்டும்."

விறுவிறென்று குசினிக்குள் போனேன். "அடுப்பை நூர்த்துப்போட்டு வாங்கோ. ரோல்ஸ் எங்கையும் ஓடாது," என்றேன். சிலர் சிரித்தார்கள். சிலர் வாசல்வரை வந்து, கணவன்மாரின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். சிலர் மாவுக் கையோடு வந்து பின்வரிசையில் நின்றார்கள். மண்டபத்துக்காரரின் மனைவி மட்டும் தலையை நிமிர்த்தவே இல்லை. "எண்ணெய் கொதிக்குது பிள்ளை," என்றார். எனக்கு அவர்மீது வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

என் பெயரைச் சொன்னபோது பின்வரிசையிலிருந்து மாவுக் கைகள் உயர்ந்தன. என் கணவர் தன் அணித் தலைவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். பயத்தில் அவருடைய முழங்கை மடிந்திருந்தது, ஆனாலும் கை எனக்காக உயர்ந்தது. இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் அந்த மனிதரை அன்றைக்குப் போல எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை.

தோற்றேன். ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் வித்தியாசம்தான், ஆனாலும் தோல்வி தோல்வியே. இரு அணிகளும் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டன. சாப்பாடு பிந்தியதற்கு என்னைத் திட்டினார்கள். முகத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவேன் என்று எதிர்பார்த்தார்கள் போலும். நான் நடுமண்டபத்தில் கதிரை போட்டு ஆற அமரச் சாப்பிட்டேன்.

விடுமுறை முடிந்து முதல் சனி வந்தது. அது மண்டபத்து அணியின் சனி. மைதானத்துப் பிள்ளைகளுக்கு இன்று வகுப்பில்லை என்று குழுவில் அறிவித்தல் போட்டார்கள். நான் பெற்றோரைத் தனித்தனியாக அழைத்து, வழமைபோலப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுங்கள் என்றேன். நடைபாதைத் தரையில் இருத்தியாவது படிப்பிப்பது என்று முடிவு. தோற்றவளுக்கு இழக்க என்ன இருக்கிறது?

பிள்ளைகள் தரையில் புத்தகத்தை விரிக்கும்போது அறைக் கதவு திறந்தது. அக்கா நின்றார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து நானும் இடுப்பில் கையை வைத்தேன்.

"ஏன் தரையிலை இருத்தியிருக்கிறியள்? உள்ளுக்கை கூட்டிக்கொண்டு வாங்கோ. கதிரை காணாது, நெருங்கி இருக்கட்டும்."

"அண்டைக்கு நீங்கள் குசினியை விட்டு வரேல்லை," என்றேன். கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

"ஓம், வரேல்லை. வீட்டிலை பிரச்சினை வேண்டாம் எண்டு நினைச்சன்." அவர் சோக்குக்கட்டியை விரல்களுக்கிடையில் உருட்டினார். "அண்டைக்கு ராத்திரி மனுசன் சனிக்கிழமையளைப் பங்கு பிரிச்ச கதையைச் சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னார். எனக்குச் சோறு இறங்கேல்லை. நான் வந்திருக்கவேணும்."

என் மகள் ஏற்கெனவே உள்ளே போய்த் தன் தோழிக்குப் பக்கத்தில் இடம் பிடித்திருந்தாள். சின்னவர்களை அக்கா எடுத்தார், பெரியவர்களை நான் எடுத்தேன். அடுத்த சனி எங்களுடையது, அவருடைய வகுப்புப் பிள்ளைகளும் வந்தார்கள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, யாருக்கும் அறிவிக்கவுமில்லை.

மூன்றாம் சனி இரு தலைவர்களும் மாடியேறி வந்துவிட்டார்கள், புதிய தலைவரை நடுவில் விட்டு.

"இது ஆர் எடுத்த முடிவு?" என்று மைதானத்துக்காரர் என்னிடம் கேட்டார். "சங்கம் தீர்மானிச்ச விசயத்தை நீங்கள் எப்பிடி மாத்தலாம்?"

நான் வாயைத் திறக்குமுன் அக்கா வாசலுக்கு வந்தார். மைதானத்துக்காரரை அவர் பார்க்கவே இல்லை. தன் கணவரைத்தான் பார்த்தார்.

"பாடம் நடக்குதப்பா. பிள்ளையள் குழம்புதுகள். கதைக்கிறதெண்டால் பன்னிரண்டு மணிக்குப் பிறகு வாங்கோ."

மண்டபத்துக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் கதவைச் சாத்தினேன்.