கரும்பலகையில் முப்பத்தைந்து

ஒன்பதாவது படிக்கும் மகள் நேற்று இயற்பியல் விடைத்தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். வேகம் 20 என்று சரியாகத்தான் எழுதியிருந்தாள். பக்கத்தில் சிவப்பு மையில், 'அலகு எங்கே?' அரை மார்க் போயிருந்தது.

"விடை சரிதானேப்பா, இதுக்குப் போயி குறைக்கிறாங்க."

ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருக்கலாம். சாக்பீஸ் தூளும் டீசலும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது.

அது கோட்டைப்பட்டினத்தில் நான் பார்த்த முதல் வேலையின் வாசனை. பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு, விஞ்ஞானியாகும் யோசனையில் புதுக்கோட்டை வீட்டில் இரண்டு வருஷம் படுத்துக் கிடந்தவனை, மாமா ஒருவர் படகுக்காரர் சங்கத்தில் கிளார்க்காகச் சேர்த்துவிட்டார். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. டீசல் டோக்கன் கொடுக்க வேண்டும், போனில் வரும் வானிலைச் செய்தியை வாசல் கரும்பலகையில் எழுத வேண்டும். மீட்டர், கிலோகிராம், ஆம்பியர் என்று ஏழு அடிப்படை அலகுகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். பலகையில் மட்டும் 'காற்று' என்று போட்டு வெறும் எண்ணை எழுதுவேன். மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

காதர் பாயிடம் ஒரு நாட்டுப்படகு இருந்தது. அவர் மனைவி ஜொகரா அக்காவின் தம்பி பஷீர்தான் கூடப் போவான். பலகையைப் பார்க்காமல் பாய் படகைத் தள்ள மாட்டார்.

ஒருநாள் வழக்கமாகப் பேசுகிறவர் லீவு. போனில் வேறு குரல். "காத்து முப்பத்தஞ்சு நாட்" என்றது. நாட் என்பது கடல்மைல் கணக்கு. கிலோமீட்டரில் சொன்னால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அது எனக்கு நன்றாகவே தெரியும். நோட்டில் '35 நாட்' என்றுகூடக் குறித்தேன். வாசலில் டோக்கனுக்கு ஒரே கூச்சல். பலகையில் 35 என்று மட்டும் எழுதிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

மற்ற நாட்டுப்படகுகள் விடியலிலேயே போய்த் திரும்பிவிட்டதால், டோக்கனுக்கு நின்றவர்கள் யாரும் அன்று பலகையைப் பார்க்கவில்லை. இன்ஜின் கோளாறால் பாய் மட்டும் தாமதம்.

"முப்பத்தஞ்சா தம்பி? நேத்து முப்பது. ஒண்ணும் செய்யாது, போயிட்டு வந்துர்றோம்."

நான் நிமிராமல் தலையை ஆட்டினேன்.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது கூரைத் தகரம் லேசாகத் தடதடத்து நின்றது. மறுபடி தடதடத்தது. பிறகு நிற்கவே இல்லை. நோட்டைப் புரட்டினேன். பெருக்கிப் பார்த்தேன். அறுபத்தைந்து.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? நான் முதலில் கரைக்கு ஓடவில்லை. ஈரத்துணியால் 35-ஐத் துடைத்து 65 என்று எழுதினேன். திருத்துகிறேன் என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதன் பிறகுதான் ஓடினேன்.

மறுநாள் காலை ஒரு விசைப்படகு பாயின் படகைக் கட்டி இழுத்து வந்தது. அதில் பாய் இருந்தார். பஷீர் இல்லை. கடைசிவரை கிடைக்கவும் இல்லை.

மூன்றாம் நாள் ஜொகரா அக்கா வந்து பலகை முன்னால் நின்றார். பின்னால் பாய். காற்று அடங்காததால் எண்ணை யாரும் மாற்றியிருக்கவில்லை, அதே 65.

"இத்தனை காத்துன்னு எழுதியிருந்துமா என் தம்பியக் கூட்டிட்டுப் போனீங்க?"

பாய் என்னைப் பார்த்தார். "தம்பி, முப்பத்தஞ்சுதானே போட்டிருந்தீங்க?"

"அறுபத்தஞ்சு பாய்."

அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப எனக்குத்தான் கண்ணு சரியில்ல போல" என்று மெதுவாகச் சொன்னார். அதோடு அவர் கடலுக்குப் போகவில்லை. மூன்று மாதத்தில் நானும் பொன்னமராவதியில் வேறு வேலை தேடிக்கொண்டேன்.

விடைத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, இரவெல்லாம் புரண்டேன். இன்று காலை கோட்டைப்பட்டினத்துக்குப் பஸ் ஏறினேன். சங்கத்தின் தகர அறை இல்லை, பலகையும் இல்லை. காற்றின் வேகம் இப்போது அவரவர் போனுக்கே வந்துவிடுகிறது. காதர் பாயும் இல்லை. காலமாகி இரண்டு வருஷமாம்.

ஜொகரா அக்கா அடையாளம் கண்டு உட்காரச் சொன்னார். டீ கொடுத்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டம்ளரை எடுத்துத் தள்ளி வைத்தார்.

"சாகுற வரைக்கும், முப்பத்தஞ்சுதான் பாத்தேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. நான் ஒரு தடவகூட நம்பல."

நான் எழுந்தேன். போயிட்டு வாங்க என்று அவர் சொல்லவில்லை.