சாண் அளந்து எடுத்த மோட்டார் சைக்கிள்

எனக்கு அறுபத்தாறு வயது. ஏழு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தேன், ஏழு பேரும் நல்லா இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். எழுத்து எனக்கு அவ்வளவாக வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். ஆனால் மோட்டார் சைக்கிள் பார்த்து எடுக்கத் தெரிந்தவள் என்று பத்து வயதிலேயே சாய்ந்தமருதில் பேரெடுத்தவள் நான்.

எங்கள் வயல் சம்மாந்துறைக்கு அப்பால், உம்மாவின் சீதனக் காணி. வீடும் உம்மாவுடையதுதான். எங்கள் ஊரில் அப்படித்தான், கலியாணம் முடித்த ஆம்பிளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். உம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அதைச் சொல்லிக் காட்டாத நாளில்லை. “மச்சான் எங்கட காணியில விதைக்காரு, எங்கட ஊட்டுல தூங்குறாரு” என்பார். வாப்பா சிரித்துவிட்டுப் போவார். ஒரு தரமாவது அந்த வாயை அடைக்க வேண்டும் என்பது மட்டும் அவர் மனதில் கிடந்தது.

எனக்குப் பத்து வயதான வருசம் வியாபாரி ஒருவர் லொறியில் இரண்டு மோட்டார் சைக்கிள்களைக் கொண்டுவந்து எங்கள் வளவில் இறக்கினார். ஒன்று சிவப்பு, கண்ணாடி போல மினுங்கியது. மற்றது மெலிந்து, உயர்ந்து, புழுதி படிந்து நின்றது. இரண்டுக்கும் நம்பர் தகடு, லைட்டு எல்லாம் இருந்தன, றோட்டில் பொலிசுக்குப் பயமில்லை. வாப்பா எடுப்பது ஒன்றுதான். வயலுக்கும் அதுதான், கல்முனைச் சந்தைக்கும் அதுதான், நெல் வெட்டு முடிந்த வயலில் வைக்கும் ஓட்டப் போட்டிக்கும் அதுதான். வாப்பாவின் கண் சிவப்பை விட்டு அசையவில்லை.

வெளி ஆம்பிளைகள் முன்னால் உம்மா வரமாட்டார். திரைக்குப் பின்னால் நின்று என்னைக் கூப்பிட்டார்.

“எங்கட வயல் வரம்பு ஒரு சாண் உசரம். மோட்டார் சைக்கிள்ட வயிறு அதுக்கு மேல நிக்கணும். அளந்து பாத்துட்டு வா.”

நான் குனிந்து அளந்தேன். வியாபாரி சிரித்தார். ஓடிவந்து, “ரெண்டும் நிக்குது உம்மா” என்றேன்.

“கையக் கொண்டா.” என் உள்ளங்கையைத் தன் கையில் பொருத்திப் பார்த்தார். “மொக்குப் புள்ள, இது கோழிக்குஞ்சிட சாண்.” ஓர் ஈர்க்கிலைத் தன் சாணுக்கு முறித்துத் தந்தார். “மறுகா போ. டயர்ல பல்லு இருக்கான்டும் பாரு.”

சிவப்பின் வயிற்றில் ஈர்க்கில் முட்டி வளைந்தது. மற்றதன் கீழ் நிமிர்ந்து நின்றது, மேலே நாலு விரல் போகவும் இடமிருந்தது. டயரும் பல்லும் பல்லுமாக இருந்தது. “வாப்பா, இதான் சரி!” என்று கத்தினேன். வாப்பா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஓம், மகள் சொன்னா சரி” என்றார்.

சிவப்பை மாமா எடுத்தார். “என்ன மச்சான், வெட்டுக்கிளிய வாங்கிட்டிங்க? இனிப் புல்லுப் போட்டு வளருங்க!”

போட்டியன்று ஊரே வயலில் நின்றது. முதல் வரம்பை மாமா எப்படியோ தாண்டினார். இரண்டாவதில் சிவப்பின் வயிறு குந்திவிட்டது. பின்சில்லு அந்தரத்தில் சுற்ற, மாமா சவாரி செய்யாமலே சவாரி செய்தார். வாப்பா வரம்புக்கு வரம்பு துள்ளி, வாய்க்காலைக் கடந்து, போட்டி முடியும் தார் றோட்டில் முதல் ஆளாக ஏறினார். “வெட்டுக்கிளி! வெட்டுக்கிளி!” என்று சனம் கூவியது. சேறு அப்பிய மாமா சிவப்பைத் தள்ளிக்கொண்டு பின்வழியால் போனார்.

வாப்பா என்னைத் தூக்கி முன்னால் இருத்தி, “தெரிஞ்செடுத்தது என்ட மகள்!” என்று சொல்லிச் சொல்லி ஊர்வலம் போனார். பெரிய பள்ளிவாசலடியில் கிழவர்களும் எழும்பிப் பார்த்தார்கள். அன்றைக்குப் பெருமையில் வீங்கிய என் தலை எந்த வாசலுக்குள்ளும் நுழைந்திருக்காது.

எங்கள் வீட்டு வேலி வந்ததும் வாப்பா வேகத்தைக் குறைத்தார். ஓலை இடுக்கில் உம்மாவின் முக்காடு மட்டும் தெரிந்தது. வாப்பா நெஞ்சில் கை வைத்து, இரண்டு தரம் ஹோர்ன் அடித்தார். றோட்டில் ஆடுமில்லை, மாடுமில்லை. எனக்குத்தான் அடிக்கிறார் என்று நினைத்து நான் கையசைத்துச் சிரித்தேன்.

எங்க புள்ள, எழுதினது போதும், அந்த ஹோர்ன் அடிச்ச இடத்த இன்னொருக்கா வாசி, கேப்பம்.