லீவுக்குப் போன வீமன்

கொடிகாமத்தில் லீவைக் கழித்துவிட்டுப் போன கிழமைதான் திரும்பினோம். தொடை இன்னும் வலிக்கிறது. கதிரையில் தலையணை போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

பள்ளிக்கூட லீவு விட்டால் எங்கேயாவது போவது ஒரு காலத்தில் எங்களுக்கு வழக்கம். இப்போது சண்டையில் பெற்றோலும் இல்லை, நம்பி நிற்க பஸ்ஸும் இல்லை... என்றாலும் என் தங்கை சாந்தி, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து ஒரு கிழமை நிற்கும்படி சொல்லி அனுப்பியிருந்தாள். என் கணவர் உடனே சைக்கிளைத் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

சரி, வீமனை என்ன செய்வது?

வீமன் எங்கள் நாய். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம் — ஆட்டுக்குட்டியளவுதான் இருப்பான். உண்மையில் அவன் எங்களுடையவனும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் கொழும்புக்கு வெளிக்கிட்டபோது, "ஒரு கிழமைதான், சோறு வையுங்கோ" என்று விட்டுப் போனவன். அவர்கள் இப்போது கனடாவில். வீமன் அந்த வீட்டுக் கேற்றடியிலேயே மாதக்கணக்கில் படுத்துக் கிடந்துவிட்டு, ஒருநாள் எங்கள் குசினி வாசலுக்கு வந்து சேர்ந்தான்.

அவனிடம் போய் நானும் "ஒரு கிழமைதான்" என்று எந்த முகத்தோடு சொல்வது?

"நாயோடை லீவுக்குப் போறது வெள்ளைக்காரன்ரை வேலை" என்றார் கணவர்.

"அப்ப நீங்களும் மகளும் போங்கோ. நான் நிக்கிறன்."

அவர் எழும்பிப் போனார். ஓலைக் கடகப்பெட்டி ஒன்றை எடுத்து வந்து என் சைக்கிள் கரியரில் இறுக்கிக் கட்டினார்.

மகளும் உடுப்புப் பையும் அவருடைய சைக்கிளில். நாய் என்னுடையதில். எங்கள் உரும்பிராயில் ஏறியவன் கோப்பாய் தாண்டும்வரை ராசா மாதிரித்தான் இருந்தான். கைதடி வெளியில் சோளகக் காற்று முகத்தில் அறைந்ததும் பாய்ந்துவிட்டான். தூக்கி வைத்தேன். மறுபடியும் பாய்ந்தான். கடைசியில் சைக்கிளும் நானும் நாயும் ஒன்றாக விழுந்தோம்.

எதிரே சைக்கிளில் விறகு கட்டிக்கொண்டு வந்த ஒருவர் இறங்கி என் சைக்கிளை நிமிர்த்தித் தந்தார்.

"நாய்க்கு என்ன வருத்தம், தங்கச்சி? ஆஸ்பத்திரிக்கோ கொண்டு போறியள்?"

"இல்லை அண்ணை. லீவுக்குக் கொண்டு போறன்."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். தன் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

மிச்சத் தூரத்தில் பாதியைச் சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தேன்.

சாந்தியின் கணவர் தவத்துக்குக் கொடிகாமம் சந்தையில் மரக்கறி வியாபாரம். நல்ல மனிதர். ஆனால் நாய் என்றால் ஆகாது. சொறி, உண்ணி, விசர் என்று ஆயிரம் காரணம் சொல்வார். வாசல் படலையில் எங்களைக் கண்டதும் சிரித்தவர், வீமனைக் கண்டதும் நிறுத்திவிட்டார்.

"உந்த நாயையுமோ அக்கா கொண்டு வந்தனீங்கள்?"

நான் பதில் சொல்லுமுன் கயிறு வந்துவிட்டது. முற்றத்துத் தென்னையில் தன் கையாலேயே இறுக்கிக் கட்டினார். நான் உள்ளே போனால் வீமன் ஊளையிடுவான். அவன் ஊளையிட்டால் தவத்தின் முகம் சுருங்கும். பிறகென்ன, என் லீவு தென்னைக்குக் கீழே கழிந்தது. உள்ளே எல்லோரும் சிரித்துக் கதைப்பது கேட்கும்... நான் நாய்க்குக் காவல்.

ஒரு காலை, தேத்தண்ணி குடிக்க உள்ளே போன நேரம் பார்த்துக் குண்டு போடும் பிளேன் வந்தது. எல்லோரும் வளவில் வெட்டியிருந்த பங்கர்க் குழிக்குள் ஓடி இறங்கினோம். மகளை மடியில் இழுத்து வைத்த பிறகுதான் தென்னையடியிலிருந்து வீமனின் சத்தம் கேட்டது. ஊளை இல்லை. பிள்ளை வீரிடுவது போல ஒன்று.

எழும்பினேன். கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை இருக்கு. நீர் இரும்."

அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் தாங்க முடியவில்லை.

எங்கோ முதல் குண்டு விழுந்தது. தலையில் மண் உதிர்ந்தது. வாசலோரம் இருந்த தவம் யாரிடமும் சொல்லாமல் மேலே ஏறினார்.

"இஞ்சாருங்கோ, எங்கை போறியள்?" சாந்தி கத்தினாள். பிளேன் வட்டமடித்துத் திரும்பும் இரைச்சலில் அது அவருக்குக் கேட்டிருக்காது.

அவர் போட்ட முடிச்சு அவருக்கே அவிழவில்லையாம். கடைசியில் வீமனின் கழுத்து வாரைக் கழற்றி, அவனை நெஞ்சோடு அணைத்தபடி உள்ளே விழுந்தார். முழங்காலில் இரத்தம்.

"ஒரு நாய்க்காகச் சாகப் போனியளோ?" சாந்தி அழுதுகொண்டே ஏசினாள்.

அவருக்கு மூச்சு வாங்கியது.

"கட்டினது நான்தானே" என்றார்.

அவ்வளவுதான். குண்டுகள் தூர வெளியில் விழுந்தன, அன்று யாருக்கும் ஒன்றுமில்லை என்று பிறகு அறிந்தோம். பிளேன் போய் நெடுநேரமான பிறகும் தவம் வீமனை மடியிலிருந்து இறக்கவில்லை.

கட்டிப் போடுகிறவர்களுக்கு இந்த நாட்டில் குறைவே இல்லை. அவிழ்த்துவிட வெளியே ஏறிப் போகிறவர்கள் எத்தனை பேர்?

மிஞ்சிய நாட்களில் வீமனை யாரும் கட்டவில்லை. நாங்கள் வெளிக்கிடும் நாளில், முட்டையிடும் கோழியொன்றைக் காணவில்லையென்று சாந்தி வளவெல்லாம் தேடினாள். தவம் குனிந்து, வீமனின் வாயோரம் ஒட்டியிருந்த இறகை மெல்ல எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"கீரி பிடிச்சிருக்கும்" என்றார்.

திரும்பவும் அவ்வளவு தூரம் சைக்கிள் உழக்க வேண்டிய எனக்கு நியாயம் பேசத் தெம்பில்லை. "ஓம், கீரிதான்" என்றேன்.