மாமாவின் சேவலை நான் பார்த்துக்கொண்ட விதம்

மறந்துவிடு, விட்டுத்தள்ளு என்று எனக்குப் புத்தி சொல்ல வந்தவர்கள் யாரும் இரண்டாவது தடவை சொன்னதில்லை. மன்னிக்கிற குணம் எனக்குக் கொஞ்சம் கம்மி. அதை நான் ஒரு குறையாக நினைத்ததுமில்லை. யாராவது என் பொருளை எடுத்துவிட்டுச் சிரித்தால், அந்தச் சிரிப்பைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வேன்.

அறுபதுகளில், அரிசிக்கு ஊரே அல்லாடிய சமயத்தில், சிதம்பரத்தில் ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. அக்கா வீட்டுப் பின்கட்டில் எனக்கு ஓர் அறை. அக்கா புருஷன், அதாவது என் மாமா, நெல் மில்லில் மேஸ்திரி. அதனால் எங்கள் வீட்டில் மட்டும் அரிசிக்குப் பஞ்சமில்லை. மாமாவுக்கு வாயும் ஜாஸ்தி. என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘டீச்சரம்மா’ என்பார், அதையும் இழுத்து இழுத்துச் சொல்வார்.

மூன்றாம் வகுப்பில் தலைப்பிரட்டை தவளையாகும் பாடம் ஒன்று உண்டு. போர்டில் படம் போட்டால் போதும் என்றார்கள். எனக்குப் போதவில்லை. ஆடி மாதம் கான் சாகிப் வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்ததும் தலைப்பிரட்டைகளைப் பாட்டிலில் அள்ளிக்கொண்டு போய் மேஜை மேல் வைத்தேன். வால் சுருங்குவதையும் கால் முளைப்பதையும் பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள். பாடம் முடிந்தது. பாட்டிலில் மிச்சமிருந்ததை வாய்க்காலில் கொட்ட மனசு வராமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வாய் உடைந்த சிமெண்டுத் தொட்டி ஒன்று சும்மா கிடந்தது. அதில் விட்டேன். செத்தது போக ஐந்து வளர்ந்தன.

தவளையிடம் என்ன பாசம் என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்டார்கள். ஈர்க்குச்சி நுனியில் வெட்டுக்கிளியைச் செருகி ஆட்டினால், அதில் ஒன்று தொட்டி விளிம்புவரை எம்பி வந்து லபக்கென்று பிடுங்கும். இன்னொன்று சோம்பேறி, வாய்க்குள் கொண்டுபோய் வைக்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்து புடவைகூட மாற்றாமல் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். அந்த வீட்டில் எனக்கென்று இருந்தவை ஒரு டிரங்குப் பெட்டியும் அந்த ஐந்து தவளைகளும்தான். மற்றதெல்லாம் மாமாவுடையது.

“டீச்சரம்மாவுக்கு மாப்பிள்ள பாக்கறதா, தவளைக்கு மாப்பிள்ள பாக்கறதா? எத மொதல்ல முடிக்கிறது?” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மாமா கேட்பார். கேட்டுவிட்டுத் தானே சிரிப்பார்.

அடுத்த வருஷம் காலாண்டுப் பரீட்சை விடுமுறைக்குக் கடலூர் வரச் சொல்லி என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் கூப்பிட்டாள். அவளுக்கு மஞ்சக்குப்பத்தில் வீடு. வேலைக்கு வந்ததிலிருந்து நான் எங்கேயும் போனதில்லை. ஆசையாக இருந்தது. ஆனால் தவளைகளை யாரிடம் விடுவது? தவளை சோறு தின்னாது. உயிரோடு அசைகிற பூச்சிதான் வேண்டும். பொழுது சாய்ந்ததும் தொட்டிக்கு மேலே அரிக்கேன் விளக்கைக் கட்டினால் பூச்சிகள் வந்து விழும். விளக்கை எடுத்த பிறகு, காக்கைக்கும் பூனைக்கும் பயந்து பழைய கொசுவலையை மேலே இழுத்துக் கட்ட வேண்டும். அக்காவிடம் சொன்னேன். “ஐயே, அந்தக் கருமத்தயெல்லாம் என்னால பாக்க முடியாதுடி” என்று சொல்லிவிட்டாள்.

அப்போது மாமாவே முன்வந்தார். “நான் பாத்துக்கறேன், நீ போயிட்டு வா. வௌக்கு கட்டணும், வல கட்டணும், அவ்ளோதானே? என்னா பெரிய வித்த” என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளும் மனுஷனைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று பஸ்ஸில் போகும்போது வெட்கப்பட்டேன். கடலூரில் நன்றாகத்தான் இருந்தது. கடலில் கால் நனைத்தோம், துறைமுகத்துப் பக்கம் போய்ப் படகுகளைப் பார்த்தோம். அங்கே ஒரு கடையில் தூண்டிலுக்கு நைலான் நரம்பு விற்றார்கள். மாமாவுக்கு மீன் பிடிப்பதில் பைத்தியம் உண்டு. சாயங்காலமானால் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போய்விடுவார். என் தவளைகளைப் பார்த்துக்கொள்கிற மனுஷனுக்கு என்று அந்த நரம்பில் ஒரு சுருள் வாங்கினேன். இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

திரும்பி வந்த அன்று மத்தியானம். நரம்பை மாமா கையில் கொடுத்தேன். வாங்கி இழுத்துப் பார்த்து, “ஜோரான நரம்பு” என்றார். தொட்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். “மொதல்ல சாப்புடு, ஆறிடும்” என்று அக்கா அவசர அவசரமாக இலையைப் போட்டாள். விரால் மீன் குழம்பு. நல்ல பசி. பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன்.

“எப்படிக் கீது வெரால்? வெரல் மொத்தத்துக்கு முள்ளு பாத்தியா?” என்றார் மாமா. “இந்த சைசு வெரால் இந்த வருசம் யாருமே புடிக்கல. சும்மா வந்துச்சா? உன் புள்ளைங்கதான் இழுத்துக்கிட்டு வந்துச்சுங்க.”

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். விராலுக்குப் புழு ஆகாது, உயிருள்ள தவளை வேண்டும். முதுகுத் தோலில் தூண்டில் முள்ளை மாட்டி, பாசிக்கு மேலே தத்தித் தத்திப் போக விட்டால் விரால் பாய்ந்து கவ்வும். வாய்க்கால் தவளை நோஞ்சான். வீட்டில் பூச்சி தின்று கொழுத்தது என்றால் விராலுக்குக் கொண்டாட்டம். நான் போன மறுநாளே முதல் தவளை போயிருக்கிறது. நான் வருகிற நாளுக்குள் ஐந்தும் போய்விட்டன.

“தவளதானே, அடுத்த ஆடிக்கு ஆயிரம் வரும். மூஞ்சியப் பாரு!” என்று சொல்லி, தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். அக்கா குழம்புச் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாம் தெரிந்துதான் புளி கரைத்திருக்கிறாள்.

அது அவர் வீடு, அவர் போட்ட சோறு. கையைக் கழுவிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். வலை கிழிந்து தொங்கியது. விளக்குக் கட்டிய அடையாளமே இல்லை. துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுது முடித்தபோது ஒன்று மட்டும் தீர்மானமாக இருந்தது. இந்த ஆளைச் சும்மா விடக்கூடாது.

வாய்ப்பை அவராகவே கொண்டுவந்து கொடுத்தார். கார்த்திகையில் கொள்ளிடக்கரைப் பக்கமிருந்து சண்டைச் சேவல் ஒன்று வாங்கி வந்தார். கருப்புச் சேவல், கழுத்தில் மட்டும் செம்பு நிறம். காணும் பொங்கலன்று குமராட்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சேவல் சண்டை நடக்கும். அங்கே ஜெயித்துக் காட்டுகிறேன் என்று மில்லிலும் டீக்கடையிலும் சவால் விட்டுவிட்டார். மார்கழியில் மில் முதலாளி குடும்பம் திருப்பதி போய், அங்கிருந்து மதராஸில் பொருட்காட்சி பார்த்து வரக் கிளம்பியது. மாமாவையும் அக்காவையும் உடன் வரச் சொன்னார்கள். முதலாளி கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? எனக்கோ அரையாண்டு விடுமுறை. வீட்டில்தான் இருப்பேன்.

“சேவல நீதான் பாத்துக்கணும் டீச்சரம்மா” என்றார். முதல் தடவையாக அந்த வார்த்தையை இழுக்காமல் சொன்னார்.

“எப்படிப் பாத்துக்கணும்னு சொல்லுங்க மாமா. எனக்கு ஒண்ணும் தெரியாது.”

சொன்னார். கம்பும் சோளமும்தான் தீனி, அதுவும் அளவாக. அரிசிச் சோறு ஆகாது, ஊளைச்சதை போடும். காலையில் குளத்தில் நீந்த விட வேண்டும், அப்போதுதான் மூச்சுப் பிடிக்கும். “எல்லாத்தயும் விட முக்கியம், பொட்டக்கோழி வாடையே படக்கூடாது. பட்டுச்சு, சண்டைய மறந்துடும்.”

“மறந்துடுமா?”

“மறந்தே போயிடும்.”

ஒரு வார்த்தை விடாமல் மனசில் வாங்கிக்கொண்டேன். எந்தப் பாடத்தையும் நான் அவ்வளவு சிரத்தையாகப் படித்ததில்லை.

அவர்கள் போன பிறகு சேவலை மாப்பிள்ளை மாதிரிக் கவனித்தேன். மாமா மில்லிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த சீரகச் சம்பாவைக் குழைய வடித்து, நெய் விட்டு, உருட்டி உருட்டிப் போட்டேன். ஊரில் மனுஷர் அரிசிக்கு அலைந்தபோது அந்தச் சேவல் நெய்ச்சோறு தின்றது. குளத்துப் பக்கம் அழைத்துப் போகவேயில்லை. குளிர்காலம், ஜலதோஷம் பிடித்துவிட்டால் யார் பதில் சொல்வது? பக்கத்து வீட்டம்மாவிடம் கேட்டு மூன்று பெட்டைக் கோழிகளை வாங்கிவந்து அதனோடு விட்டேன். முதல் நாள் சேவலுக்குக் கொஞ்சம் திகைப்பு. அடுத்த நாளிலிருந்து அதன் நடையே வேறு. இறக்கையைத் தாழ்த்திக்கொண்டு பெட்டைகளைச் சுற்றிச் சுற்றி வந்தது. அரிசி உருண்டையைக் கண்டால் தான் தின்னாமல் கொக்கொக்கென்று அவற்றைக் கூப்பிட்டது. எனக்கு அந்தச் சேவலைப் பிடித்தே போய்விட்டது. அதன் மேல் எனக்கு என்ன கோபம்?

அவர்கள் வருகிற அன்று காலையில் பெட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மாமா பெட்டியைக்கூட இறக்கி வைக்காமல் சேவலிடம் ஓடினார். நெய் தின்ற இறகு வெயிலில் பளபளவென்று மின்னியது. தூக்கிப் பார்த்தார். கனத்தது. “அடேயப்பா! என்னா வெயிட்டு! டீச்சரம்மா, நீ கெட்டிக்காரி” என்றார். சேவலைப் பற்றி வாயால் தெரிந்த அளவுக்கு அவருக்குக் கையால் தெரியாது.

காணும் பொங்கலன்று குடும்பத்தோடு மாட்டு வண்டியில் போனோம். சண்டை நடக்கிற இடத்துக்குப் பெண்கள் போகும் வழக்கமில்லை. அக்காவும் நானும் வாய்க்கால் மேட்டில் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தோம். தென்னந்தோப்பு ஓரத்தில் ஆண்கள் வட்டமாக நின்றார்கள். முதுகுகள்தான் தெரிந்தன. மாமாவின் குரல் மட்டும் எல்லாருக்கும் மேலே கேட்டது. பிறகு ‘ஹோ’ என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு சிரிப்பு. ஒருவர் சிரிப்பில்லை, ஊர் முழுக்கச் சிரித்தது.

கால்களுக்கு நடுவே புகுந்து எங்கள் கருப்புச் சேவல் வெளியே வந்தது. பயந்து ஓடுகிற ஓட்டமில்லை அது. நேரே வைக்கோல்போரடிக்குப் போய், அங்கே கிளறிக்கொண்டிருந்த ஒரு பெட்டையின் பக்கத்தில் இறக்கையைத் தாழ்த்திக்கொண்டு வட்டமடித்தது. பின்னாலேயே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாமா ஓடிவந்தார். “மேஸ்திரி, சண்டைக்கு வந்தியா, சம்பந்தம் பேச வந்தியா?” என்று யாரோ கத்தினார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது. அந்த மாதிரி ஒரு சுகத்தை அதற்கு முன்பும் பின்பும் நான் அனுபவித்ததில்லை.

தோற்ற சேவல் ஜெயித்தவனுக்கு என்பது அங்கே வழக்கம். மாமா வெறுங்கையோடு வண்டி ஏறினார். ஜெயித்தவரின் மகள் சேவலை அறுக்க விடாமல் வாங்கிக்கொண்டாள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். “கண்ணு பட்டுடுச்சு. ஊர்க்கண்ணு பூரா அது மேலதான் இருந்துச்சு” என்றார். அக்கா மிளகாயும் உப்பும் எடுத்துக்கொண்டு சுற்றிப்போட வந்தாள். நான் பாடுபட்டுச் செய்ததை ஊர்க்கண் தட்டிக்கொண்டு போவதா? என்னால் பொறுக்க முடியவில்லை.

“கண்ணு இல்ல மாமா, நான்தான்” என்றேன். சோறு, நெய், பெட்டைகள் எல்லாவற்றையும் சொன்னேன்.

கத்துவார், கையை ஓங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, “ஏன்? உனக்கு நான் என்னா கொற வச்சேன்?” என்றார்.

“தவளைக்கு.”

“எந்தத் தவள?”

நடிக்கவில்லை. நிஜமாகவே மறந்துபோயிருந்தார். அந்த மனுஷன் தூண்டிலில் மாட்டிய தவளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும், அதில் என்னுடைய ஐந்து மட்டும் அவருக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? விடை கேட்டு அக்காவைப் பார்த்தார். அக்கா மிளகாயைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அவள் சொல்லமாட்டாள். சொன்னால் அந்தக் குழம்பை வைத்தது யார் என்ற பேச்சு வரும்.

விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தேன். விடை தெரியாமல் தவிக்கிற அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

அடுத்த மாதமே வேறு வீடு பார்த்துக்கொண்டு போனேன். நல்லது கெட்டதுக்கு அக்கா வீட்டுக்குப் போய் வந்துகொண்டுதான் இருந்தேன். என்னைக் கண்டால் மாமாவுக்கு அந்த ஞாபகம் வந்துவிடும். “எந்தத் தவளன்னு சொல்லித் தொலையேன்” என்று ஆரம்பத்தில் விளையாட்டாகக் கேட்டார். பிறகு கோபமாகக் கேட்டார். தலை நரைத்து, படுக்கையில் விழுந்த பிறகு ஒரு தடவை கெஞ்சிக்கூடக் கேட்டார். தலையணையைச் சரியாக வைத்து, ஹார்லிக்ஸ் ஆற்றிக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பி வந்துவிட்டேன்.