கேட் திறந்த பிறகு அடிக்கும் மணி

அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. நினைவு மலருக்கு எழுதித் தா என்று தம்பி கேட்டு மூன்று வாரமாயிற்று. உட்காருகிறேன், நாலு வரி எழுதுகிறேன், எழுந்துவிடுகிறேன். உட்கார முடியாத குணம் எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. ஆனால் இந்த மூன்று வாரமும் என்னை எழுப்பிவிட்டது வேறொன்று. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாங்கிப் படிக்கிற சொந்தபந்தங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா பிறந்தது வத்திராயிருப்பில். வயலும் தென்னையும் உள்ள குடும்பம்தான், ஆனால் பங்கு பிரித்த பிறகு மிஞ்சியது கொஞ்சம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ப் படித்தார். கணக்கு வாத்தியாராக ராஜபாளையத்துக்கு வந்தார். வந்த இடத்திலேயே தலைமையாசிரியராகி ஓய்வு பெற்றார். அப்பாவைப் பற்றி எழுதுவதும் அந்தப் பள்ளியைப் பற்றி எழுதுவதும் ஒன்றுதான். இரண்டையும் பிரிக்க அம்மாவாலேயே முடியவில்லை.

ஊர் முடிகிற இடத்தில், ரயில்வே கேட்டுக்கு அந்தப்புறம் இருக்கிறது அந்த அரசு உயர்நிலைப் பள்ளி. முதலில் எட்டாவது வரைதான். இரண்டு ஓட்டுக் கொட்டகை, ஒரு வேப்பமரம், மரத்தில் மணிக்குப் பதிலாகத் தொங்கிய தண்டவாளத் துண்டு. மில் தொழிலாளிகளின் பிள்ளைகள்தான் படித்தார்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்கள், காட்டு வேலைக்குப் போகிறவர்கள் எல்லார் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில். பத்தாவது வரை உயர்த்தியபோது பையன்கள் வந்தார்கள், பெண்பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். ஒரு வீட்டில் ஒரு அம்மா வாசலிலேயே மறித்திருக்கிறார்.

"வயசுக்கு வந்த பிள்ளய பயலுவ கூட எப்படி சார் ஒக்கார வைக்க?"

"எம்மகளும் அங்கதான் படிக்கா. அவ பக்கத்துல ஒக்கார வையிங்க" என்றாராம் அப்பா.

அப்படித்தான் எட்டாவதில் என் பெஞ்சில் நாங்கள் ஆறு பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்டித் தரும்வரை அப்பா கல்வி அலுவலகத்து நாற்காலி ஒன்றில்கூட உட்காரவில்லை, நின்றுகொண்டேதான் பேசினார் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். நான் நம்புகிறேன். புரட்டாசிச் சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைக்குப் போனால் பெருமாளைப் பார்க்குமுன் வரிசை ஏன் நகரவில்லை என்று பார்க்க மூன்று தடவை முன்னால் போய்வருகிற மனிதர் அவர்.

நல்லவர் என்று மட்டும் எழுதினால் அப்பாவுக்கே பிடிக்காது. அந்த நாளில் அவர் மகா கண்டிப்பு. காலை மணியும் பிரேயரும் அவர் பொறுப்பு. மணி அடித்தபின் வருகிற பிள்ளை முதல் பீரியட் முடியும்வரை வெயிலில் நிற்க வேண்டும். செங்கோட்டைப் பக்கமிருந்து வருகிற ரயில் தினமும் அந்த நேரத்துக்குத்தான் வரும், கேட் மூடிவிடும். பாதிப் பள்ளி ஊர்ப்பக்கம் மாட்டிக்கொள்ளும். மணிக்குப் பயந்து பிள்ளைகள் கேட்டுக்கு அடியில் குனிந்து ஓடுவார்கள். கேட்கீப்பர் அண்ணாச்சிக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போகும்.

அப்பா என்னைத் தன் சைக்கிளில் ஏற்றிப் போகமாட்டார். வாத்தியார் மகள் என்ற சலுகை கூடாதாம். நானும் நடந்துதான் போவேன். ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் நானும் குனிந்து ஓடினேன். ஜல்லியில் கால் மடங்கி விழுந்தேன். அண்ணாச்சி என் பின்னலைப் பிடித்து இழுத்துப் போட்டார். ரயில் போனது. வலது கணுக்கால் முறிந்தது. இன்றும் நான் கொஞ்சம் சாய்ந்துதான் நடப்பேன், உங்களுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் அப்பா கேட்டார்: "ஏட்டி, ஏன் குனிஞ்ச?"

"மணி அடிச்சிருவீய, வெளிய நிப்பாட்டிருவீயன்னு பயந்துட்டேன்ப்பா."

அப்பா கட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

நான் சொன்னது பொய். அன்று கேட் வழக்கத்தைவிட முன்னதாகவே மூடியிருந்தது, மணி அடிக்க நேரம் நிறைய இருந்தது. பத்தாம் வகுப்புப் பையன்கள் குனிந்து ஓடிவிட்டு அந்தப்பக்கம் நின்று, "பொட்டப்பிள்ளைகளுக்கு இது ஆகாது" என்று சிரித்தார்கள். பந்தயம் போட்டு ஓடினேன். அவ்வளவுதான்.

அடுத்த திங்கள்கிழமையிலிருந்து பள்ளியின் வழக்கம் மாறியது. கேட் மூடியிருந்தால் மணி அடிக்காது. அப்பா வராந்தா ஓரத்தில் கேட்டைப் பார்த்தபடி நிற்பார். கேட் உயரும், பிள்ளைகள் நடந்து வருவார்கள், கடைசிப் பிள்ளை வாசலுக்குள் கால் வைத்த பிறகே தண்டவாளத் துண்டில் அடி விழும். விட்ட நேரத்தை மத்தியான இடைவேளையில் பிடித்துக்கொள்வார்கள். சோதனைக்கு வந்த ஒரு அதிகாரி பள்ளி தாமதமாகத் தொடங்கியதற்கு விளக்கம் கேட்டார். 'கேட் மூடியிருந்தது' என்று மட்டும் அப்பா எழுதிக் கொடுத்தார். மெமோ வந்தது. பிறகும் வந்தது. வழக்கம் மாறவில்லை. பிள்ளைகள் குனிவதும் நின்றது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் அதற்காகவே பிள்ளைகளை அங்கே சேர்த்தார்கள்.

எல்லோரும் அந்தப் பள்ளியைப் புகழும்போதெல்லாம் எனக்கு உள்ளே அரிக்கும். சொல்லிவிடலாம் என்று தோன்றும். சொன்னால் அப்பா பழையபடி மணி அடித்துவிடுவாரோ என்ற பயம் வரும். அந்தப் பயமும் ஒரு சாக்குதான்.

கடைசி மாதங்களில் சர்க்கரை அப்பாவைப் படுக்கையில் போட்டுவிட்டது. படுத்தும் கால் ஓயவில்லை, போர்வைக்குள் ஆடிக்கொண்டே இருக்கும். ரயில் சத்தம் கேட்டால், "கேட்டத் தொறந்தாச்சா?" என்பார். மூன்று தடவை உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். ஒரு தடவை அம்மா கஞ்சியோடு வந்துவிட்டார். ஒரு தடவை பழைய மாணவர்கள் வந்துவிட்டார்கள். மூன்றாவது தடவை யாரும் வரவில்லை. நானே எழுந்து போய்விட்டேன். மறுநாள் மத்தியானம் அப்பா போய்விட்டார்.

அடுத்த நாள் அப்பாவைச் சுடுகாட்டுக்கு எடுத்தபோது, பெண்கள் தெருமுனையோடு நிற்க வேண்டும் என்றார்கள். கேட் வரைக்குமாவது வருவேன் என்று நடந்தேன். காலை நேரம், கேட் மூடியிருந்தது. அப்பாவின் வண்டி நின்றது, எல்லோரும் நின்றோம். என்றோ ஓய்வு பெற்ற கேட்கீப்பர் அண்ணாச்சி கம்பை ஊன்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். நான் அழுதுகொண்டே அவரிடம் கொட்டிவிட்டேன்.

"அண்ணாச்சி, நான் அப்பாட்ட பொய் சொல்லிட்டேன்."

"அன்னைக்கே சாருக்குத் தெரியுமேம்மா. சாயந்திரமே எங்கிட்ட வந்தாவ. பயலுவ கூட பந்தயம் போட்டு ஓடுச்சு சார்னு நாந்தான் சொன்னேன். செத்த நேரம் கேட்டையே பாத்துக்கிட்டு நின்னாவ. பொறவு, 'மத்த பிள்ளைக எதுக்குக் குனியுது?'ன்னு கேட்டாவ. ஒங்க மணிக்குப் பயந்துதான் சார்னேன். 'எம்மக பொய் சொல்லுதா, ஆனா அது மத்த பிள்ளைகளுக்கு நெசம்'னாவ. போய்ட்டாவ."

இத்தனை வருஷம் தெரிந்தே இருந்திருக்கிறார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏனப்பா கேட்கவில்லை? ஒரு அடி கொடுத்திருந்தால் நான் தூங்கியிருப்பேனே. இந்தக் கோபம் ஓராண்டாகியும் தணியவில்லை.

அப்பாவைத் தூக்கிப் புரட்டிப் படுக்கவைத்த தம்பிக்கும், தினமும் ஊசி போட வீட்டுக்கே வந்த நர்ஸ் அக்காவுக்கும், வத்திராயிருப்பிலிருந்து கடைசிவரை இளநீர் கொண்டுவந்த சித்தப்பாவுக்கும், தோள் கொடுத்த பழைய மாணவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒருவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். அவர் யாரென்று தெரியாது. அன்று கேட் திறந்தது. அப்பாவின் வண்டி தண்டவாளம் தாண்டிப் பள்ளி வாசலைக் கடந்தது. பிள்ளைகள் போனார்கள், பின்னால் ஊர் முழுக்கப் போனது. எல்லோருக்கும் கடைசியில், யார் சொல்லியும் கேட்காமல், காலைச் சாய்த்துச் சாய்த்து நான் வந்துகொண்டிருந்தேன். வேப்பமரத்தடியில் யாரோ கம்பியை ஓங்கியபடி நின்றிருந்தார். நான் அந்த வாசலுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் மணியை அடித்தார்.