கிணறு என்று சொல்லாத டீச்சர்

ஜோர்டானில் எங்கள் ஸல்ட் ஊரில் யாராவது ரகசியம் சொல்ல வந்தால், கேட்பவர் முதலில் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்: "உன் ரகசியம் கிணத்துக்குள்ள." அதைச் சொல்லாவிட்டால் எவளும் வாயைத் திறக்க மாட்டாள். சொல்லிவிட்டு அடுத்த தெரு திரும்புவதற்குள் நாலு பேரிடம் ஒப்பிக்கிறவர்களும் உண்டு, அது வேறு கதை. பெண்கள் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த பூகோள டீச்சர் இன்ஸாஃப் மட்டும் அந்த வார்த்தையை ஒருநாளும் சொன்னதில்லை.

எனக்கு அதில் எவ்வளவு எரிச்சல் தெரியுமா! என் தங்கையின் நிச்சயம் முறிந்த விஷயத்தைச் சொல்லப் போனபோதுகூட, "முதல்ல சொல்லு ஸுஹைர். கேக்காமலே வாக்குக் குடுக்க மாட்டேன்" என்றாள். "நீ என்ன பெரிய நீதிபதியா?" என்று கத்திவிட்டு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. இத்தனைக்கும் அவளிடமிருந்து ஒரு சொல் கசிந்து நான் பார்த்ததே கிடையாது. ஓவிய டீச்சர் நிஸ்ரீன் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே, "அந்தப் பொண்ணு ஏன் அழுதா? சும்மா சொல்லேன்" என்று நோண்டுவாள். இன்ஸாஃப் ஜன்னலைப் பார்த்து, "மழை வரும் போலிருக்கு" என்பாள். கொளுத்தும் வெயிலிலும் அதே பதில்தான்.

அவள் அருமை எனக்குப் புரிந்தது நான் செய்த ஒரு முட்டாள்தனத்தால். ஏழு வருடமாகிறது. ஒன்பதாம் வகுப்புப் பெண். பெயர் லுஜைன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜப் பெயரைச் சொன்னால் இன்ஸாஃப் என் தோலை உரித்துவிடுவாள். இதை எழுதலாமா என்று அந்தப் பெண்ணிடமே கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கணக்கு டீச்சராக இருந்தாலும் நான் சிரித்துப் பேசுகிறவள். அதனால் லுஜைன் முதலில் என்னிடம்தான் வந்தாள். "மிஸ், கிணறுன்னு சொல்லுங்க" என்றாள். பெருமையாகச் சொன்னேன். கண்ணாடி உடைந்த கைப்பேசியைப் பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறாள். அது திரும்பி வந்த மறுநாளிலிருந்து தெரியாத எண்ணிலிருந்து அவள் படமே அவளுக்கு வருகிறது. கல்யாண வீட்டில் முக்காடு இல்லாமல் எடுத்த படம். சொன்ன இடத்துக்குத் தனியாக வராவிட்டால் அப்பாவுக்கு அனுப்புவானாம். "அந்த நம்பரை பிளாக் பண்ணிட்டு நிம்மதியாப் படிடி" என்று அனுப்பிவைத்தேன். அதற்குப் பிறகு இரண்டு வாரம் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தேன். வாக்குக் கொடுத்துவிட்டேனே, யாரிடம் சொல்வது?

இன்ஸாஃபுக்கு எதுவும் தெரியாது. ஆனால் லுஜைன் மூன்று நாளாகத் தன் ஃபலாஃபெல் ரொட்டியைப் பக்கத்துப் பெண்ணுக்குக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை இடைவேளையில் கூப்பிட்டு உட்காரவைத்தாள். அறையில் நோட்டுத் திருத்திக்கொண்டு நான் மட்டும் இருந்தேன்.

"முதல்ல கிணறுன்னு சொல்லுங்க மிஸ்."

"மாட்டேன்மா."

"அப்ப நான் போறேன்."

"போ. போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிட்டுப் போ. எங்க வீட்டு முத்தத்துக் கிணத்துக்கு இரும்பு மூடி போட்டுப் பூட்டி வெச்சிருக்கோம். எதுக்கு?"

"புள்ளைங்க விழுந்துடக் கூடாதுன்னு."

"நீ விழுந்துட்டியோன்னு எனக்குப் பயமா இருக்கு கண்ணு. விழுந்தவளை நான் ஒருத்தி தூக்க முடியாது, கயிறு பிடிக்க ஆள் வேணும். யாரைக் கூப்பிடப் போறேன்னு உங்கிட்ட சொல்லிட்டுத்தான் கூப்பிடுவேன். அவங்களைத் தவிர ஈ எறும்புக்குக்கூடத் தெரியாது."

லுஜைன் உடைந்து அழுதாள். என்னைக் கைகாட்டி, "இந்த மிஸ் கிணறுன்னு சொன்னாங்க. நான் அதுலயே கிடக்கேன்" என்றாள். அந்த இடத்திலேயே எனக்கு உயிர் போய்விட்டது. பிறகு எல்லாவற்றையும் கொட்டினாள். இப்போது வேறொரு எண்ணிலிருந்து, வியாழக்கிழமை பள்ளி விட்டதும் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வரச் சொல்லியிருக்கிறான். "அப்பாவுக்குத் தெரிஞ்சா நான் உசுரோட இருக்க மாட்டேன் மிஸ்."

இன்ஸாஃப் பதறவில்லை. லுஜைன் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதி, அவளுக்கே படித்துக்காட்டினாள். "வீட்டுல யாருகிட்ட முதல்ல சொல்லலாம்? நீயே சொல்லு." சித்தி என்றாள் பெண். சித்தி, பள்ளி ஆலோசகர், இந்த மாதிரிப் புகாரைப் பார்க்கும் பெண் போலீஸ் அதிகாரி. ஆகக் கயிறு பிடிக்க மூன்றே பேர். சித்தி வந்து சேரும்வரை அந்தப் பெண்ணை இன்ஸாஃப் தனியாக விடவேயில்லை.

அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "வாக்குக் குடுத்துட்டேன்டி" என்று அழுதேன். "அழுகையெல்லாம் அப்புறம் வெச்சுக்கோ. வியாழக்கிழமை கடைசிப் பீரியட் உன்னுது. அவ உன் கண்ணை விட்டு நகரக் கூடாது" என்றாள். அன்று கதவில் சாய்ந்து நின்றுகொண்டே அல்ஜீப்ரா நடத்தினேன். என்ன நடத்தினேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அவன் போலீஸிடம் பிடிபட்டான். கைப்பேசி பழுது பார்த்த கடைக்காரப் பயல்தான். படம் யாருக்கும் போகவில்லை. சித்தியும் போலீஸ் அதிகாரியும் சேர்ந்து போய் அப்பாவிடம் சொன்னார்கள். அவர் அடிக்கவில்லை, ஆனால் ஒரு மாதம் மகளோடு பேசவுமில்லை. லுஜைனின் கோபமெல்லாம் இன்ஸாஃப் மேல் விழுந்தது. "என்னைக் காட்டிக் குடுத்துட்டாங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னாள். பூகோள வகுப்பு முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். எதற்கு இந்தக் கோபம் என்று நிஸ்ரீன் துருவித் துருவிக் கேட்டாள். "மழை வரும் போலிருக்கு" என்ற பதிலே வந்தது.

"உனக்கு வலிக்கலையாடி?" என்று கேட்டேன்.

"வலிக்காம இருக்குமா? ஆனா திட்டுறதுக்கு அவ உசுரோட இருக்கா இல்ல?" என்று சொல்லித் தேநீரை ஆற்றினாள்.

அடுத்த வருடம் வசந்த காலம். நாங்கள் இருவரும் ஆசிரியர் அறையில் இருந்தோம். லுஜைன் கதவைத் தட்டினாள். வேறொரு பெண்ணின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். அந்தப் பெண்ணின் முகம் வீங்கியிருந்தது. என்னைத் தாண்டி நேரே இன்ஸாஃபிடம் போனாள்.

"மிஸ், இவ என்னைக் கிணறுன்னு சொல்லச் சொன்னா. நான் சொல்லல."

இன்ஸாஃப் எழுந்து இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். யாரும் சொல்லாமலே நான் நோட்டுகளை அள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். கதவு என் முகத்துக்கு நேரே மூடியது. கால் மணி நேரம் வராந்தாவில் காவல் நின்றேன், காதை வைக்கவில்லை. நிஸ்ரீன் விதைப் பொட்டலத்தோடு வந்து, "உள்ள என்னவாம்?" என்றாள்.

"மழை வரும் போலிருக்கு" என்றேன்.