பவளம் மிஸ்ஸியும் என் இடது கையும்

பவளம் மிஸ்ஸி நித்திரையிலேயே காலமாகிவிட்டார் என்ற செய்தியை வியாழக்கிழமை காலை மகன் வந்து சொன்னான். அன்று பின்னேரம் எனக்குப் பிறசர் பார்க்க வருவதாக இருந்தவர். அவருடைய பாண்டிருப்பு எங்கள் மருதமுனைக்குப் பக்கத்து ஊர், நடந்தே போய்விடலாம். ஆனால் என் கணவர் மௌத்தாகி இது மூன்றாம் மாதம். நான் இத்தாவில் இருக்கிறேன். நான்கு மாதமும் பத்து நாளும் முடியும்வரை படி இறங்க முடியாது. அடைத்த யன்னலைப் பார்த்தபடி இருந்தேன்.

ஓய்வுபெற்ற தாதியான அவர் எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்கு அடுத்த வருடம், என் கணவருக்காக. "பிறசர் ஏறியிருக்கு, உப்பக் குறைங்க" என்றார். அன்றிலிருந்து கணவருக்குத் தனிச்சட்டியில் கறி. அவருக்கு விலக்கிய கருவாடெல்லாம் என் சோற்றுக் கோப்பையில் விழுந்தது. பிறசர் ஆண்களுக்கு வரும் வருத்தம் என்றே நினைத்திருந்தோம்.

எனக்கு மாதவிலக்கு நின்று ஒரு வருடமானபோது மிஸ்ஸி, "டீச்சர், நீங்களும் கையை நீட்டுங்க" என்றார். கணவர் சிரித்தார்.

"பொம்பிளைக்கென்ன மிஸ்ஸி பிறசர்?"

"அளக்கக்குள்ள ஒருத்தரும் கதைக்கப்படா" என்று அவரை அடக்கிவிட்டுக் காற்றை இறக்கினார் மிஸ்ஸி. கணவருடையதைவிட என்னுடைய அளவு கூடுதல். "வயசு குறைஞ்ச காலத்தில நம்மட உடம்புல ஊறுற சுரப்பு ரத்தக் குழாயை இளக்கமா வச்சிருக்கும். அது குறைஞ்சா குழாய் இறுகும். பிறகு ஆம்பிளையள எட்டிப் பிடிச்சிருவம், சில பேர் முந்தியும் போவம்" என்றார்.

இத்தாவில் தலை சுற்றியபோது எல்லாரும் கவலை என்றார்கள். மிஸ்ஸி மட்டும் வாராவாரம் வந்து அளந்தார். "கவலைக்கு அழுங்க, பிறசருக்குக் குளிசை போடுங்க" என்பார். போன வாரம் அளவு மிகவும் ஏறியிருந்தது. "ஆசுபத்திரிக்குப் போக வேணும் டீச்சர். வருத்தமெண்டா இத்தாவிலயும் போகலாந்தானே, உங்கட மௌலவியிட்டக் கேளுங்க" என்றார். மௌலவியும் போகலாம் என்றார். சனம் என்ன சொல்லுமோ என்று நான்தான் போகவில்லை. என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

வெள்ளிக்கிழமை போனேன். கல்முனை ஆசுபத்திரிக்குப் பாண்டிருப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். மிஸ்ஸியின் வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். மகன் காரை மெதுவாக விட்டான். மருந்துக்குப் போக எனக்கு அனுமதி உண்டு, செத்த வீட்டில் இறங்க இல்லை. கார் யன்னல் திரையை விலக்கினேன். நின்றவர்களின் முதுகுகள்தான் தெரிந்தன.

ஆசுபத்திரியில் இளம் தாதி ஒருவர் என் இடது கையில் பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்றியபடி, "இவ்வளவு நாளும் ஆர் பார்த்தது?" என்று கேட்டார். நான் வாய் திறக்கவில்லை.

போய் வாருங்கள் மிஸ்ஸி. உங்கள் சட்டப்படி, அளந்து முடியும்வரை நான் கதைக்கவில்லை. பட்டை தளர்ந்த பிறகுதான் உங்கள் பெயரைச் சொன்னேன். சொல்லிவிட்டு அழுதேன்.